கடல் கடந்து தொண்டு செய்யப் புறப்படுமுன்





சில வாரங்களுக்கு முன்னர் ஜும்ஆத் தொழுகை முடிந்து பள்ளிவாசலை விட்டு வெளியேறும்போது, என்னிடம் ஒரு காலத்தில் படித்த ஒருவர் என்னை நிறுத்தினார். அவருடைய மகன் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருக்கிறார். "சேர், மகன் வெளிநாட்டுக்குப் போய்ப் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் படிச்சுக் குடுக்கப் போறானாம். மூணு கிழமைதான். அதுக்கு நாங்கதான் காசு கட்டணுமாம். சேவை செய்யப் போறவன் ஏன் காசு கட்டணும்? இது நல்ல காரியமா, ஏமாத்து வேலையா?" என்று கேட்டார்.

அன்று நடைபாதையில் நின்றவாறு அரைகுறையாகவே பதில் சொன்னேன். அந்தக் கேள்வியை இன்று பல பெற்றோர்கள் தம் மனத்துக்குள் வைத்திருக்கிறார்கள். ஆகவே முழுமையான பதிலை உங்கள் அனைவருக்குமாகச் சொல்ல விரும்புகிறேன்.

முதலில், பிறநாடு சென்று ஊதியமின்றிப் பணியாற்றும் வழக்கம் எவ்வாறு தோன்றியது என்பதைச் சுருக்கமாகப் பார்ப்போம். முதலாம் உலகப் போர் முடிந்தபின், 1920ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த பியர் செரெசோல் என்பவர், பிரான்சின் வெர்டன் போர்க்களத்துக்கு அருகே அழிந்துபோன ஒரு கிராமத்தை மீளக் கட்டியெழுப்பச் சில தொண்டர்களைத் திரட்டினார். நேற்றுவரை எதிரிகளாக இருந்த நாட்டவர்களும் அதில் தோளோடு தோள் நின்றனர். பிரித்தானியாவில் 1958இலும், அமெரிக்காவில் 1961இலும், ஜப்பானில் 1965இலும் இளைஞர்களைப் பிறநாடுகளுக்கு அனுப்பும் அமைப்புகள் உருவாயின. ஐக்கிய நாடுகள் சபையின் தொண்டர் அமைப்பு 1971இல் பணி தொடங்கியது. அமெரிக்கத் தொண்டர்கள் 1962ஆம் ஆண்டிலேயே இலங்கைக்கும் வந்தார்கள். அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பே, 1958இல், ஆசிரியர் ஏ. டி. ஆரியரத்ன கொழும்பு மாணவர்களை அழைத்துக்கொண்டு கனத்தொலுவ என்னும் பின்தங்கிய கிராமத்துக்குச் சென்று சிரமதானம் செய்ததையும் இங்கு நினைவுகூர வேண்டும். சர்வோதய இயக்கம் அங்கிருந்தே பிறந்தது.

இந்த அமைப்புகளின் நடைமுறையைக் கவனியுங்கள். அமெரிக்க அமைப்பு தன் தொண்டரை ஏறத்தாழ மூன்று மாதம் மொழியும் பழக்கவழக்கமும் பயிற்றுவித்த பின், இரண்டு ஆண்டுகள் ஒரே ஊரில் இருத்துகிறது. ஜப்பானியத் தொண்டரின் பணிக்காலமும் பொதுவாக இரண்டு ஆண்டுகள்தாம். தொண்டரிடம் இவர்கள் கட்டணம் வாங்குவதில்லை. மாறாக, அவர் அங்கே உண்டு உறங்கி வாழ்வதற்கான செலவைத் தாமே கொடுக்கிறார்கள். ஆனால் கடந்த சில பத்தாண்டுகளில் வேறொரு வகை வளர்ந்துவிட்டது. உல்லாசப் பயணமும் தொண்டும் கலந்த வகை அது. இரண்டு கிழமை, மூன்று கிழமை. பணம் கட்டுபவர் எவரும் போகலாம். தகுதியும் கேட்பதில்லை, பயிற்சியும் கொடுப்பதில்லை. அந்தத் தந்தையின் மகனுக்கு வந்த அழைப்பும் இந்த வகையைச் சேர்ந்ததே.

கட்டணம் கேட்பதெல்லாம் மோசடி என்று நான் சொல்ல வரவில்லை. சிறிய அமைப்பொன்றிடம் தொண்டருக்குச் சோறு போடவும் பணம் இல்லாதிருக்கலாம். அந்தப் பணம் எங்கே போகிறது, நம் உழைப்பு யாருக்குப் பயன்படுகிறது என்பவையே நாம் கேட்க வேண்டியவை.

நேயர்களே, இந்தக் கேள்விகளைக் கேட்க நம்மை விடத் தகுதியானவர்கள் வேறு யார்? 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை எமது கரையோரத்தை அழித்தது. இந்நாட்டில் மட்டும் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோரை இழந்தோம். கல்முனையிலும் மருதமுனையிலும் கிண்ணியாவிலும் அம்பாந்தோட்டையிலும் நம்மவர்களின் ஜனாஸாக்களை வரிசையாக அடக்கினோம். அதன்பின் உலகின் பல மூலைகளிலிருந்தும் தொண்டர்கள் வந்தார்கள். அவர்களுடைய நல்லெண்ணத்தை நாம் ஒருபோதும் மறக்கலாகாது. ஆயினும் அன்று நாம் பெற்ற ஒரு பாடத்தை இன்று சொல்லியாக வேண்டும்.

கிழக்குக் கரையோரத்தில் மக்கள் குடித்தது கிணற்று நீர். அலை ஊருக்குள் புகுந்ததும் கிணறுகளெல்லாம் உப்பாகிவிட்டன. வந்த குழுக்கள் பலவும் இயந்திரங்களை வைத்து நீரை இறைத்தன. உப்பு நீரை வெளியேற்றினால் நன்னீர் ஊறும் என்பது அவர்களின் எண்ணம். கரையோர மணலின் அடியில் நன்னீரானது கடல்நீரின் மேல் ஒரு மெல்லிய படையாக மிதந்துகொண்டிருக்கிறது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் அந்தப் படை கலைந்து, கீழேயுள்ள உப்புநீர் மேலேறி வரும். ஒரு குழு இறைத்துவிட்டுப் போன கிணற்றை மற்றொரு குழு வந்து மீண்டும் இறைத்தது. சில இடங்களில் கிணற்றின் சுவரே இடிந்தது. நிலத்தடி நீரை ஆராய்ந்தவர்கள் இறைப்பை மட்டுப்படுத்துமாறு எச்சரித்தார்கள். நிலத்தில் தங்கிய உப்பைக் கழுவிச் செல்லும் பெரும் வேலையைச் செய்தது பருவமழையே. இறைத்தவர்களின் நிய்யத்தில் குறையில்லை. அந்த மண்ணைப் பற்றிய அறிவுதான் அவர்களிடம் இருக்கவில்லை.

நல்ல எண்ணம் கட்டாயம் வேண்டும். நல்ல எண்ணம் மட்டும் போதாது. இந்த இரண்டு வாக்கியங்களையும் மனத்தில் இருத்திக்கொண்டு மூன்று வகைப் பணிகளைப் பார்ப்போம்.

முதலாவது, கற்பித்தல். முப்பது ஆண்டுகள் கரும்பலகைக்கு முன் நின்றவன் என்ற உரிமையோடு சொல்கிறேன்: ஆங்கிலம் பேசத் தெரிவது வேறு, ஆங்கிலம் கற்பிப்பது வேறு. மூன்று கிழமைக்கு வரும் தொண்டருக்குப் பிள்ளைகளின் பெயர்கள் மனத்தில் பதியவே ஒரு கிழமை செல்லும். அவர் போனபின் அடுத்தவர் வருவார். அவரும் அதே எழுத்துகளிலிருந்தும் அதே பாட்டிலிருந்தும் தொடங்குவார். பாடத்திட்டம் ஓரங்குலம் நகராது. அந்த ஊரின் ஆசிரியரோ ஒதுங்கி நின்று வேடிக்கை பார்ப்பார். நல்ல திட்டத்தில் தொண்டர் ஆசிரியரின் இடத்தைப் பிடிப்பதில்லை. ஆசிரியருக்குப் பக்கத்தில் நின்று அவருக்கு உதவுகிறார். தொண்டர் விடைபெற்ற பின்னரும் அந்த உதவி வகுப்பறையில் தங்கியிருக்கும்.

இரண்டாவது, இயற்கையைப் பாதுகாத்தல். கடலாமைகளை எடுத்துக்கொள்ளுங்கள். உலகிலுள்ள ஏழு கடலாமை இனங்களில் ஐந்து எமது இலங்கைக் கரையில் ஏறி முட்டையிடுகின்றன. மத்திய அமெரிக்காவின் கோஸ்டாரிகா நாட்டில் டோர்ட்டுகேரோ என்றொரு கடற்கரை உண்டு. ஆர்ச்சி கார் என்னும் விலங்கியல் அறிஞர் 1950களில் அங்கு தொடங்கிய ஆமை ஆய்வு இன்றளவும் தொடர்கிறது. அங்கு தொண்டரின் வேலை, இரவில் மணலில் பல மைல் நடப்பது, கரையேறும் ஆமைகளை எண்ணுவது, ஓட்டை அளப்பது, குறிப்பேட்டில் பதிவது. வெள்ளை விளக்கு ஏற்றக்கூடாது, சத்தம் போடக்கூடாது. கேட்பதற்குச் சலிப்பூட்டும் வேலைதான். ஆனால் பல்லாண்டுகளாகச் சேர்ந்த அந்த எண்ணிக்கையே ஆமைகள் பெருகுகின்றனவா, குறைகின்றனவா என்பதை உலகுக்குச் சொல்கிறது.

இதற்கு மாறாக, பொரித்த குஞ்சுகளை நாட்கணக்கில் தொட்டியில் வைத்து, வருவோர் கையிலேந்திப் படம் எடுத்துக்கொள்ள இடமளிப்பவர்களும் இருக்கிறார்கள். முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சின் உடலில் மிஞ்சியிருக்கும் மஞ்சட்கருவே அதன் கட்டுச்சோறு. கரையோரத்து ஆபத்துகளைத் தாண்டி ஆழ்கடலை அடையும்வரை அது இடைவிடாமல் நீந்த வேண்டும். அந்தச் சக்தியைத் தொட்டியிலேயே நீந்தித் தீர்த்துவிட்டால் கடலில் அதன் கதி என்ன? பணம் கட்டியவர் மகிழ்ந்து வீடு திரும்புகிறார். அல்லாஹ்வின் படைப்பாகிய அந்தச் சிற்றுயிருக்கு நன்மை கிடைத்ததா என்று எவரும் கேட்பதில்லை.

மூன்றாவது, சமூகப் பணி. இதில் நம் சமூகம் மிகக் கவனமாக இருக்க வேண்டியது அநாதை இல்லங்கள் விடயத்தில்தான். யதீம் என்றால் நம் உள்ளம் உருகும், உருகவும் வேண்டும். ஆயினும் கம்போடியாவில் நடந்ததைக் கேளுங்கள். 2005ஆம் ஆண்டுக்கும் 2010ஆம் ஆண்டுக்கும் இடையில் அங்கு அநாதை இல்லங்களின் தொகை சுமார் எழுபத்தைந்து வீதத்தால் பெருகியது. அக்காலத்தில் அங்கு யுத்தமும் இல்லை, பெருந்தொற்றும் இல்லை. அவ்வில்லங்களிலிருந்த பிள்ளைகளில் நான்கில் மூவர் அளவினருக்குத் தாயோ தந்தையோ உயிரோடிருந்தார்கள். யுனிசெப் வெளியிட்ட உண்மைகள் இவை. நேபாளத்திலும் இதே நிலைமை வெளிப்பட்டது. கல்வி தருகிறோம் என்று ஏழைக் குடும்பங்களிடமிருந்து பிள்ளைகள் அழைத்துச் செல்லப்பட்டார்கள். வெளிநாட்டுத் தொண்டர்களும் அவர்களின் நன்கொடைகளும் தொடர்ந்து வந்ததால், பிள்ளைகளை இல்லத்தில் வைத்திருப்பதே சிலருக்கு வருமானமாயிற்று. கிழமைக்கொரு புதிய முகம் வந்து அணைத்துவிட்டு மறைய, அந்தப் பிஞ்சுகள் மீண்டும் மீண்டும் பிரிவையே அனுபவித்தன. 2019ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் பொதுச் சபையும் தனது தீர்மானமொன்றில் இத்தகைய தொண்டர் பயணங்களின் தீங்கைச் சுட்டிக்காட்டியது.

நம் கண்மணி நாயகம் (ஸல்) அவர்களே ஒரு யதீம் அல்லவா? அவர்கள் எங்கே வளர்ந்தார்கள்? பாட்டனார் அப்துல் முத்தலிபின் வீட்டில். அவருக்குப் பின் பெரிய தந்தையார் அபூதாலிபின் குடும்பத்தில். இரத்த உறவுகளின் நடுவே, அறிந்த முகங்களின் நடுவே வளர்ந்தார்கள். ஆகவே ஒரு யதீமுக்கு உதவ விரும்பும் இளைஞர், அப்பிள்ளையை அதன் உம்மாவிடமோ மாமாவிடமோ வைத்துக் காப்பாற்றக் கைகொடுக்கும் அமைப்பையே தேட வேண்டும்.

இளைஞர்களே, அழைப்பு ஒன்று வந்தால் ஐந்து கேள்விகளை எழுதி அனுப்புங்கள். இந்தப் பணியைக் கேட்டவர்கள் யார், அந்த ஊர் மக்களா, பயணத்தை விற்பவர்களா? நான் செய்யப்போகும் வேலையைச் சம்பளம் பெற்றுச் செய்யக்கூடியவர் அந்த ஊரில் இல்லையா? அதற்கான தகுதியை என்னிடம் ஏன் கேட்கவில்லை? நான் கட்டும் பணத்தில் அந்த ஊருக்குப் போவது எவ்வளவு? நான் திரும்பிய பின் இந்த வேலையைத் தொடர்பவர் யார்? நேர்மையானவர்கள் இவற்றுக்கு மகிழ்ச்சியோடு பதில் எழுதுவார்கள்.

பெற்றோர்களே, உங்களுக்கும் சில வார்த்தைகள். உல்லாசப் பயண விசாவில் சென்று தொண்டு செய்வதைப் பல நாடுகள் அனுமதிப்பதில்லை; எந்த விசா என்பதை அந்நாட்டுத் தூதரகத்திடமே கேளுங்கள். தங்குமிடம், தொழுகைக்கான வசதி, ஹலாலான உணவு, பெண்பிள்ளையாயின் அவருடைய பாதுகாப்பு ஆகியவற்றை எழுத்தில் பெறுங்கள். கடவுச்சீட்டை எவர் கையிலும் விட்டுவைக்க வேண்டாமென்று பிள்ளைக்குச் சொல்லுங்கள். வேலை தருவதாக ஆசைகாட்டப்பட்டு மியன்மார் எல்லையிலுள்ள இணைய மோசடி முகாம்களில் அடைக்கப்பட்ட நம் நாட்டு இளைஞர்கள் 2024ஆம் ஆண்டில் மீட்கப்பட்டதை நீங்கள் செய்திகளில் கேட்டிருப்பீர்கள். தொண்டு என்று சொல்லிச் சம்பளமும் தருவதாக ஒருவர் சொன்னால், அங்கேயே நின்று விசாரியுங்கள். அதற்காக எல்லாக் கதவையும் அடைத்துவிடவும் வேண்டாம். பிற மக்களின் மொழியையும் துன்பத்தையும் அறிந்து திரும்பும் பிள்ளை, தன் வீட்டுக்கும் ஊருக்கும் பெரும் பயன் தருவார்.

அந்தத் தந்தையின் மகனைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அவர் கேள்விகளை எழுதி அனுப்பினார். பணம் செலுத்த வேண்டிய இறுதித் திகதி மட்டுமே பதிலாக வந்தது. பயணத்தை அவர் நிறுத்திக்கொண்டார். இப்போது பக்கத்து ஊரில், மீன்பிடித் தொழிலாளரின் பிள்ளைகளுக்கு மாலை நேரத்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறார். மூன்றாம் கிழமை என்னிடம் வந்து, "சேர், எனக்குப் படிப்பிக்கத் தெரியாதுன்னு இப்பதான் விளங்குது. நீங்க சொல்லித் தாங்க" என்றார். இப்போது நாங்கள் இருவரும் வெள்ளிக்கிழமை தோறும் அமர்ந்து அடுத்த கிழமைக்கான பாடத்தைத் திட்டமிடுகிறோம். ஓரிரு ஆண்டுகளில் அவர் கடல் கடந்து செல்லவும் கூடும். அன்று அவர் கையில் கொடுப்பதற்கு ஏதேனும் இருக்கும், இன்ஷா அல்லாஹ்.

நம் பிள்ளைகளின் நல்ல எண்ணங்களுக்கு அறிவையும், அறிவுக்குப் பொறுமையையும் துணையாக்கி வைப்பானாக என்று வல்ல நாயனை வேண்டி விடைபெறுகிறேன்.