காலுள்ள பறவை
(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



பத்தாண்டு நிறைவு விழாவில் கவிதையின் வளர்ச்சி குறித்தோ, வட்டம் கடந்து வந்த பாதை குறித்தோ நான் பேசுவேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். அழைப்பிதழில் ‘சொர்க்கப் பறவைகள்’ என்னும் தலைப்பைக் கண்ட நண்பர் ஒருவர், ‘சொர்க்கவாசல் திறக்க இன்னும் நாள் இருக்கிறதே!’ என்று கேலி செய்தார். நான் பேச வந்தது பழைய கடன் ஒன்றைத் தீர்ப்பதற்காக.

சில ஆண்டுகளுக்கு முன் நம் மாதக் கூட்டம் ஒன்றில் நான் ஒரு கவிதை படித்தேன். கால்களின்றிப் பிறந்து, பனித்துளி பருகி, மண்ணில் இறங்காமலே வாழ்ந்து மடியும் ஒரு பறவையைக் கவிஞனுக்கு உவமையாக்கியிருந்தேன். கைதட்டல் கிடைத்தது, எனக்கும் சற்றே கர்வமாக இருந்தது. கூட்டம் முடிந்து தேநீர் அருந்துகையில், விலங்கியல் கற்பித்து ஓய்வுபெற்ற நம் உறுப்பினர் அம்மையார் ஒருவர் அருகில் வந்தார். தம் பெயரைச் சொல்லக்கூடாது என்று எனக்கு உத்தரவிட்டிருக்கிறார். அவர் கேட்டவை இரண்டே கேள்விகள். ‘அந்தப் பறவையின் காலை வெட்டியது யார், தெரியுமா தம்பி? அது ஆடுகிறதே, யாருக்காக என்றாவது தெரியுமா?’ இரண்டுக்கும் எனக்கு விடை தெரியாது. தெரியாமலேயே உவமை சொல்லியிருக்கிறேன். அதன்பின் தேடிப் படித்தவற்றையே இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

முதல் கேள்விக்கான விடை ஒரு கப்பலில் தொடங்குகிறது. மகெல்லன் தலைமையில் புறப்பட்ட கப்பல்களுள் உலகைச் சுற்றி முடித்தது ‘விக்டோரியா’ ஒன்றே. 1522 செப்டம்பரில் அது ஸ்பெயின் திரும்பியபோது, கிராம்பு மூட்டைகளோடு, மொலுக்காத் தீவுகளுள் ஒன்றான பாச்சானின் மன்னர் ஸ்பெயின் அரசருக்கு அனுப்பிய பறவைத் தோல்களும் வந்து சேர்ந்தன. ஐரோப்பியர் அத்தகைய இறகுகளை அதற்கு முன் கண்டதில்லை. அவ்வாறு ஐரோப்பாவை அடைந்த தோல்களில் கால்கள் இல்லை.

நியூகினி வேடர்களுக்கு வேண்டியது இறகு. விற்பனைக்கு உரியதும் இறகே. ஆகவே காலையும் மண்டையோட்டையும், சில வேளை சிறகையும் நீக்கிவிட்டுத் தோலைப் புகையில் உலர்த்திப் பதப்படுத்தினர். அதில் புராணம் ஏதுமில்லை. தொழில் நுணுக்கம் மட்டுமே. புராணம் பிறந்தது வாங்கியவர்களின் ஊரில். காலில்லை என்றால் கிளையில் அமர முடியாது, அமர முடியாதது வானிலேயே வாழ வேண்டும், வானில் வாழ்வது பனியைத்தான் உண்ண வேண்டும், முட்டையிட இடமேது? ஆணின் முதுகுப் பள்ளத்தில் பெண் இடுகிறது. இப்படித் தருக்கம் பிசகாமல் ஒரு பொய் வளர்ந்தது. அதே கப்பலில் பயணம் செய்த பிகாஃபெட்டா, அப்பறவைக்கு மெலிந்த கால்கள் உண்டு என்று எழுதியே வைத்திருந்தார். அவர் சொல் எடுபடவில்லை. 1758-இல் லின்னேயஸ் அதற்குச் சூட்டிய பெயர் ‘பாரடைசியா அப்போடா’; காலற்ற சொர்க்கப் பறவை. கால் உண்டு என்று உலகமே ஒப்புக்கொண்ட பிறகும், பெயரிடும் விதிப்படி அது இன்றும் ஏடுகளில் காலற்றதாகவே இருக்கிறது. மலாய் வணிகர்கள் ‘மானுக் தேவாத்தா’, அதாவது தெய்வப் பறவை, என்றனர். ‘தேவதை’ என்று நாம் வழங்கும் அதே வடசொல்தான் அங்கேயும் போய் இறங்கியிருக்கிறது.

லெஸ்ஸோன் என்னும் பிரெஞ்சு இயற்கையறிஞர் 1824-இல் நியூகினிக் காட்டில் இப்பறவையை உயிரோடு கண்டார். வியப்பில் சுடவும் மறந்து நின்றதாக அவர் எழுதியிருக்கிறார். நம்மைப் போன்றவர்களுக்கு அவர் மீது உடனே அன்பு வருவது இயல்பே. பிற நாள்களில் அவர் சுடாமல் இருந்தாரில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இனி வகைப்பாடு. இன்றைய கணக்கின்படி ஏறத்தாழ 45 இனங்கள். பெரும்பாலானவை நியூகினியிலும் அதை ஒட்டிய தீவுகளிலும், சில கிழக்கு ஆஸ்திரேலியாவிலும், இரண்டு மொலுக்காவிலும் வாழ்கின்றன. பெயர் வைத்தவர்களின் மனத்தைப் பெயர்களே காட்டிக்கொடுக்கின்றன. ஒன்று ஆஸ்திரிய இளவரசர் ருடால்ஃபின் பெயரில், ஒன்று அவர் மனைவி ஸ்டெஃபனியின் பெயரில், ஒன்று ஜெர்மானியப் பேரரசர் வில்ஹெல்மின் பெயரில், ஒன்று சாக்சனி மன்னரின் பெயரில். பரிசில் நாடிப் பாடிய புலவர் மரபை நாம் மட்டும் கொண்டிருக்கவில்லை என்பது ஓர் ஆறுதல். இவ்வரிசையில் ஒரே ஒரு கலகக்காரர் உண்டு. நெப்போலியனின் தம்பி மகனான சார்லஸ் லூசியன் போனபார்ட், 1850-இல் தமக்குக் கிடைத்த அற்புதமான பறவை ஒன்றுக்குக் ‘குடியரசு’ என்று பெயரிட்டார். இளவரசர்களுக்கு மாலை சூட்டும் வழக்கம் தமக்கு உவப்பில்லை. குடியரசுவாதிகளின் பேராசையால் குடியரசு சொர்க்கமாகாமல் போயிற்று, ஒரு சொர்க்கப் பறவையாவது குடியரசாக இருக்கட்டும் என்பது அவர் சொன்ன காரணத்தின் சாரம்.

ஆணின் இறகை அளந்தே இனம் பிரித்த காலத்தில் பிழைகளும் நேர்ந்தன. அரிய தனி இனங்கள் என்று தோல்களை மட்டும் கொண்டு பெயரிடப்பட்டவற்றுள் பல, இரண்டு இனங்களின் கலப்பில் பிறந்தவை என்று 1930-இல் ஸ்ட்ரெசெமான் காட்டினார். பின்னர் மரபணு ஆய்வு வந்து, மக்ரெகர் பறவையைக் குடும்பத்திலிருந்து நீக்கித் தேனுண்ணிகளோடு சேர்த்தது. சொர்க்கப் பறவைகளின் நெருங்கிய சுற்றம் எது தெரியுமா? நாம் சோறு வைத்துக் கூப்பிடும் காக்கை இந்தப் பெருங்கூட்டத்தைச் சேர்ந்தது. நம் தோப்புகளில் வெள்ளை நாடா போன்ற வால் அசையப் பறக்கும் அரசவால் ஈப்பிடிப்பானும் அப்படியே. அதன் அறிவியல் பெயரிலும் ‘சொர்க்கம்’ இருப்பது தற்செயலான பொருத்தம்.

இங்கே ஓர் இடைச்செருகல். தொல்காப்பிய மரபியல், சிறகுடையவற்றின் ஆணைச் ‘சேவல்’ எனலாம் என்று கூறி, மயிலை மட்டும் விலக்குகிறது. தோகையழகால் பெண்சாயல் பெற்றதைச் சேவல் என்பது பொருந்தாது என்று உரை காரணம் காட்டுகிறது. அழகு பெண்ணுக்கு உரியது, ஆணிடம் அது மிகுந்தால் பெயரே தடுமாறும் என்னும் மனநிலை அங்கே தெரிகிறது. நியூகினிக் காட்டுக்கு அந்த இலக்கணம் சென்றிருந்தால் எத்தனை புறனடை எழுத வேண்டியிருந்திருக்குமோ!

அம்மையாரின் இரண்டாம் கேள்விக்கு வருகிறேன். எனக்கு முக்கியமானது அதுவே.

போனபார்ட்டின் ‘குடியரசு’ப் பறவை வைகியோ, பத்தாந்தா என்னும் இரு தீவுகளில் மட்டும் வாழ்கிறது. அதன் ஆண் வானத்தில் ஆடுவதில்லை. காட்டின் தரையில் ஒரு சிறு களத்தைத் தெரிந்தெடுத்து, அதில் கிடக்கும் சருகை ஒவ்வொன்றாக அலகால் கவ்வி வெளியே எறிகிறது. 1996-இல் அதைப் படம்பிடிக்கச் சென்ற டேவிட் அட்டன்பரோ, துப்புரவான அந்தக் களத்தில் வேண்டுமென்றே சில இலைகளைப் போட்டார். பறவை வந்து முதலில் அவற்றை அகற்றியது. கால் இல்லை என்று நான் பாடிய குலத்தின் பிள்ளை, காலூன்றி நின்று தரை கூட்டிக்கொண்டிருந்தது!

பரோட்டியா என்னும் கரும்பறவையின் ஆடல் இன்னும் நுட்பமானது. ஆண் தரையில் களம் அமைக்கிறது. பெண்கள் களத்துக்கு மேலே குறுக்காகக் கிடக்கும் கொடியிலோ கிளையிலோ வந்து அமர்கின்றன. ஆண் விலா இறகுகளைப் பாவாடைபோல் விரித்து, சிற்றடி வைத்து நகர்ந்து, திடீரென நின்று, தலையை ஆட்டுகிறது. தரைமட்டத்திலிருந்து பார்க்கும் நமக்குப் பாவாடை கட்டிய ஆட்டக்காரர் ஒருவர் தெரிவார், சிரிப்பும் வரும். எட்வின் ஸ்கோல்ஸும் டிம் லாமனும் மேலிருந்து, பெண் அமரும் கோணத்திலிருந்து படம் பிடித்தனர். அங்கிருந்து பாவாடை தெரிவதில்லை. ஒரு கரிய நீள்வட்டமும், அதன் நடுவே பளிச்சென மின்னி மறையும் மார்புக் கவசமும் மட்டுமே தெரிகின்றன. கூத்தைப் பக்கவாட்டிலிருந்து பார்த்துவிட்டு விமரிசனம் எழுதிக்கொண்டிருந்தோம் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அந்தக் கருமையும் சாதாரணக் கருமையன்று. சில இனங்களின் கரிய இறகுகள், தம்மேல் நேராக விழும் ஒளியில் 99.95 விழுக்காடு வரை விழுங்கிவிடுவதாக 2018-இல் வெளியான ஆய்வு கண்டது. நிறமியால் மட்டும் ஆனதன்று. இறகின் நுண்ணிழைகள் மேல்நோக்கி வளைந்து காடுபோல் அடர்ந்திருப்பதால், உள்ளே புகும் ஒளி திரும்பும் வழியறியாது சிக்கிக்கொள்கிறது. அக்கருமைக்கு அருகிலுள்ள சிறு நீலம் தானே எரிவதுபோல் தோன்றுகிறது. ஆடும்போது பெண்ணின் பக்கம் திருப்பப்படும் இறகுகளே இவ்வளவு கருமையானவை. அப்பறவையின் முதுகுக் கருமை மற்றப் பறவைகளினுடையதைப் போன்றதே. லோஃபோரினா என்னும் இனம் இக்கரிய இறகைக் குடையாக விரித்து, நடுவே நீலப்பச்சைப் பட்டை ஒளிர, பெண்ணைச் சுற்றித் துள்ளுகிறது. நியூகினியின் மேற்குமுனைத் தீபகற்பத்தில் வாழும் அதன் உறவினம் துள்ளாமல் பக்கவாட்டில் வழுக்கிச் செல்கிறது. நடையும் குரலும் வேறு என்று கண்டே 2018-இல் அதைத் தனி இனமாக வலியுறுத்தினர். வகைப்பாட்டுக்கு ஆடலே சான்றாகிவிட்டது!

இவ்வளவையும் பார்க்கின்ற பெண் எத்தகையது? பழுப்பு நிறம்; பெரும்பாலான இனங்களில் பெயர் சொல்லத்தக்க அணி எதுவுமில்லை. கூடு கட்டுவதும் அடைகாப்பதும் குஞ்சு வளர்ப்பதும் அதன் தனிப்பொறுப்பு. பல களங்களைப் பார்க்கும். அருகே வந்து உற்றுநோக்கும். பெரும்பாலும் பேசாமல் பறந்துபோகும். இளம் ஆண்கள் முழு இறகு வளர ஆண்டுகள் பல ஆகின்றன. அதுவரை பெண் நிறத்திலேயே நின்று பயில்கின்றன. வாழ்நாள் முழுதும் தேர்வு பெறாமல் ஆடி முடிப்பவையும் உண்டு. அவற்றை எண்ணும்போது நம் வட்டத்தின் கவியரங்குகள் நினைவுக்கு வராமலில்லை.

எல்லா இனங்களும் இப்படியல்ல. மனுக்கோடு என்னும் பிரிவில் ஆணும் பெண்ணும் ஒரே தோற்றம், ஒரே இணை, குடும்பப் பொறுப்பும் இருவருக்கும். ஊதுகுழல் மனுக்கோடு பெரிதும் அத்திப்பழம் உண்பது. அத்தி சத்துக் குறைந்த உணவு. தாய் ஒருத்தியால் குஞ்சுக்குப் போதுமான இரை கொணர இயலாது. சத்தும் கொழுப்பும் மிகுந்த பழங்களை உண்ணும் இனங்களில் தாய் தனித்தே வளர்த்துவிடுகிறாள். ஆணுக்கு ஆட ஓய்வு கிடைக்கிறது. புரூஸ் பீலர் முன்வைத்த இவ்விளக்கத்தைப் படித்த பின்பு, கலைக்குப் பின்னால் யாருடைய உழைப்பு இருக்கிறது என்று என் வீட்டிலும் ஒரு கணம் திரும்பிப் பார்த்தேன்.

இப்பெண்ணின் கண்ணே ஆணின் அழகைப் படைத்தது என்று டார்வின் 1871-இல் எழுதினார். தலைமுறை தலைமுறையாகப் பெண் தேர்ந்தவையே பெருகின; ஆணின் இறகு பெண்ணின் சுவையுணர்வினது எழுத்து. வியப்பு என்னவெனில், இதை மறுத்தவர்களுள் முதன்மையானவர் ஆல்ஃபிரெட் வாலஸ். 1857-இல் ஆரூ தீவுகளுக்குச் சென்று இப்பறவைகளைத் தேடியவர். அவற்றின் ஆட்ட மரங்களைப் பற்றியும், வேடர்கள் இலைக்குடிலில் மறைந்திருந்து, குருதி படாதவாறு மொட்டைமுனை அம்பால் வீழ்த்துவதைப் பற்றியும் எழுதியவர். ஆணின் இறகு மிகுந்த உயிராற்றலின் பொங்கல் என்றார். பெண் பறவைக்கு அத்தனை நுண்ணிய சுவை உண்டென அவர் ஏற்கவில்லை.

அதே வாலஸ்தான், சிவந்த சிறிய ‘அரசன்’ பறவையை ஆரூவில் முதன்முதல் கையிலேந்தியபோது, மனிதக் கண் படாமல் எத்தனை ஊழி இவ்வழகு பிறந்து மறைந்திருக்கும், நாகரிக மனிதன் வந்தால் இக்காடே குலைந்துபோகுமே என்று வருந்தி, உயிர்கள் யாவும் நமக்காகப் படைக்கப்பட்டவையல்ல என்று தெளிந்தவர். அவர் அஞ்சியது வீணாகவில்லை. பின்னர் ஐரோப்பியச் சீமாட்டிகளின் தொப்பிகளுக்காக இப்பறவைகள் ஆயிரமாயிரமாகக் கொல்லப்பட்டன. பிரிட்டன் 1921-இல்தான் இறகு இறக்குமதியைச் சட்டத்தால் தடுத்தது. அந்தத் தடைக்காக 1889 முதல் போராடியவர்களும் பெண்களே. ஆனால் யாரும் பார்க்காத அழகு என்று வாலஸ் வருந்தியபோது, கிளையில் ஒரு பழுப்புப் பறவை அமர்ந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தது. பார்வை என்றால் நம் பார்வை என்றே பெரியவர்களும் எண்ணிவிடுகிறார்கள்.

பெண் தேர்வது வெறும் இன்பத்துக்காகவா, ஆணின் உடல்நலத்தை அறியவா என்னும் வழக்கு இன்னும் முடியவில்லை. அழகுக்காகவே அழகு என்ற பக்கம் ரிச்சர்ட் பிரம் 2017-இல் ஒரு நூலே எழுதினார். என் மனம் அவர் பக்கம் சாய்கிறது. கவிதை எழுதுகிறவன் சாட்சியத்தை இதில் யாரும் ஏற்க வேண்டாம். 2025-இல் வந்த ஆய்வோ, 45 இனங்களுள் 37 இனங்களின் உடற்பகுதிகள், நீல ஒளியும் புறஊதா ஒளியும் பட்டால் பச்சையும் மஞ்சளுமாக ஒளிர்கின்றன என்கிறது. ஐந்நூறு ஆண்டுகளாக நாம் கண்டதற்கு மேலும் ஒரு வண்ணம் அப்பெடைகளுக்குத் தெரிந்திருக்கலாம்.

நம் பத்தாண்டு மலருக்காக எனது அந்தப் பழைய கவிதையைத் தொகுப்பாளர்கள் கேட்டிருந்தார்கள். வேண்டாம் என்று சொல்லி, அந்தப் பக்கங்களுக்கு இவ்வுரையை எழுதிக் கொடுத்திருக்கிறேன். அம்மையார் முன்வரிசையில்தான் அமர்ந்திருக்கிறார். இதுவரை அவர் முகத்திலிருந்து எதையும் என்னால் அறிந்துகொள்ள முடியவில்லை.