உள்ளே இருப்பது முத்தா? மாணிக்கமா?

பட்டிமன்றத் தலைப்பு: புதிய கருவிகள் குடும்பத்துக்குத் தந்தது பாதுகாப்பா? பதற்றமா?
'பாதுகாப்பே' என்ற அணியில் ஆற்றிய உரை

நடுவர் அவர்களே, எங்கள் அணித் தலைவர் அவர்களே, எதிரே ஏற்கெனவே கொஞ்சம் பதற்றத்தோடு உட்கார்ந்திருக்கும் எதிரணி நண்பர்களே (சிரிப்பு), அரங்கம் நிறைந்த பெரியோர்களே, சமையலைப் பாதியில் நிறுத்திவிட்டுத் தொலைக்காட்சி முன்னால் அமர்ந்திருக்கும் தாய்மார்களே!

எனக்கு முன்னால் பேசிய அம்மையார் ஒரு போடு போட்டார்கள். "அந்தக் காலத்தில் சாவி தொலைந்தால் தெருமுனையில் ஐம்பது ரூபாய். இந்தக் காலத்தில் சாவி தொலைந்தால் மாசச் சம்பளம். இதுவா ஐயா பாதுகாப்பு?" என்று கேட்டார்கள். நீங்கள் எல்லாரும் கைதட்டினீர்கள். நானும் தட்டினேன். நடுவர் கூட என்னை ஒரு மாதிரி பார்த்தார், 'இவர் எந்த அணி?' என்று. (சிரிப்பு)

ஏன் தட்டினேன்? அம்மா, அந்த மாசச் சம்பளத்தைக் கட்டிய குடும்பமே எங்க குடும்பம்தான்! எழுபத்தெட்டாயிரம் ரூபாய். ஒரு சாவிக்கு! தங்கத்தில் செய்த சாவியா? இல்லை. இரும்புச் சாவி, தலையிலே கொஞ்சம் கறுப்பு பிளாஸ்டிக். அதைக் கட்டிவிட்டு வந்துதான் 'பாதுகாப்பே' என்று இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறேன். பைத்தியமா இவனுக்கு என்று நினைக்காதீர்கள். கதையைக் கேளுங்கள்.

என் தங்கை மகன் கோயமுத்தூரில் வேலை பார்க்கிறான். பெரிய பைக் மேலே அவனுக்கு ஆசை. 650 சிசி. புதுசு வாங்கக் காசு பத்தாது. பழசு ஒன்று வந்தது. விற்றவர் ஒரே ஒரு சாவியைக் கையில் கொடுத்தார். "இன்னொண்ணு எங்கேங்க?" என்று கேட்டிருக்கிறான். "அது எங்கேயோ போயிடுச்சு தம்பி. வேணும்னா விலையில ஐயாயிரம் குறைச்சுக்கோ" என்றாராம். நம்ம பிள்ளைக்கு ஒரே சந்தோஷம். எனக்குப் போன் பண்ணி, "மாமா, ஒரு சாவி இல்லேன்னு ஐயாயிரம் அடிச்சுட்டேன்!" என்றான். நானும், "பரவாயில்லையே, பிழைச்சுக்குவே" என்று வாழ்த்தினேன். நான் முனைவர் பட்டம் வாங்கியவன் ஐயா. அந்த அறிவோடு வாழ்த்தினேன்! (சிரிப்பு)

ஆடிப் பதினெட்டு வந்தது. பவானி கூடுதுறைக்குப் போனோம். காவிரியும் பவானியும் கூடுகிற இடம். கண்ணுக்குத் தெரியாத அமுத நதியும் அங்கே சேருகிறது என்பது நம்பிக்கை. பையன் சாவியை இடுப்புத் துண்டில் முடிந்துகொண்டு தண்ணீரில் இறங்கினான். மூன்று முழுக்கு. முதல் முழுக்கில் பாவம் போச்சு. இரண்டாவது முழுக்கில் தோஷம் போச்சு. மூன்றாவது முழுக்கில் சாவி போச்சு! (பலத்த சிரிப்பு)

சகுந்தலையின் மோதிரமும் தண்ணீரில்தான் விழுந்தது. ஒரு மீன் அதை விழுங்கி, மீனவர் கையில் கிடைத்து, ராஜாவிடம் போய்ச் சேர்ந்தது. நம்ம பவானி மீன்களுக்கு அந்தப் பொறுப்பு இல்லை.

பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு சாவிக்காரரைப் பிடித்து வந்தோம். கெட்டிக்கார மனுஷர். அரம் போட்டு, ஊதி, மறுபடி அரம் போட்டு, ஒரு மணி நேரத்தில் சாவி தயார். முந்நூறு ரூபாய். போட்டுத் திருப்பினால் பூட்டு திறந்தது, விளக்கு எரிந்தது. ஆனால் இன்ஜினுக்கு உயிர் வரவில்லை. ஒரு சின்னச் சிவப்பு விளக்கு மட்டும் எங்களை முறைத்துக்கொண்டே நிற்கிறது. அப்போது அந்தச் சாவிக்காரர் சொன்னார் பாருங்கள்: "என்ற வேலை முடிஞ்சுதுங்க. பூட்டு தொறந்துருச்சு. ஆனா உள்ளே இன்னொருத்தன் உக்காந்து கேள்வி கேக்கறானுங்க. அவனுக்குப் பதில் சொல்ற சாவி என்கிட்ட இல்லீங்க."

நான் முப்பது வருஷம் வகுப்பெடுத்தவன். இவ்வளவு தெளிவாக நான் ஒரு பாடத்தையும் நடத்தியதில்லை.

உள்ளே இருக்கும் அந்த ஆள் யார்? சாவியின் தலையில் ஒரு சில்லு இருக்கிறது. சில சாவிகளில் நெல்மணி அளவு கண்ணாடிக் குப்பிக்குள்ளே இருக்கும். அதற்குப் பேட்டரி கிடையாது. சாவித் துளையைச் சுற்றி ஒரு கம்பிச் சுருள். நாம் சாவியைத் திருப்பினதும் அந்தச் சுருள் அலையை அனுப்புகிறது. அந்த அலையிலிருந்தே சக்தி எடுத்துக்கொண்டு சில்லு தன் குறியீட்டைச் சொல்கிறது. வண்டியின் கணினிப் பெட்டி அதைத் தன் பதிவேட்டில் பார்க்கிறது. பேர் இருந்தால் 'வா'. இல்லையென்றால், நீ யாராக இருந்தாலும் சரி, 'போ'.

இங்கேதான் எனக்குச் சிலப்பதிகாரம் ஞாபகம் வந்தது. கோவலன் கையில் இருந்த சிலம்பும், கோப்பெருந்தேவியின் சிலம்பும் வெளியே பார்த்தால் ஒன்று போலவே இருந்தன. ஆனால் உள்ளே? தேவியின் சிலம்பில் முத்து. கண்ணகியின் சிலம்பில் மாணிக்கம். அந்த ஒரு கேள்வியை, 'உள்ளே என்ன பரல்?' என்கிற கேள்வியை, பாண்டியன் எப்போது கேட்டான்? கோவலன் தலை போன பிறகு கேட்டான். மதுரையே எரிந்தது. ஐயா, பாண்டியன் கடைசியில் கேட்ட கேள்வியை இந்த வண்டி முதலிலேயே கேட்கிறது! ஒவ்வொரு தடவையும் கேட்கிறது! இது பாதுகாப்பா, பதற்றமா? (கைதட்டல்)

பழைய சாவியின் லட்சணத்தையும் சொல்கிறேன். கோயில் வாசலில் நிறுத்தியிருந்த என் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். என் மனைவி கேட்டாள், "ஏங்க, நம்ம வண்டிக்கு எப்போ சீட் கவர் மாத்துனீங்க?" அப்புறம்தான் தெரிந்தது, அது வேறு யாரோ ஒருவர் வண்டி! அதே நிறம், தேய்ந்துபோன பூட்டு. என் சாவி அதற்கும் பொருந்திவிட்டது. அலறி அடித்துக்கொண்டு ஓடிப்போய்க் கொடுத்தேன். நான் நல்லவனாக இருந்ததால் வண்டி திரும்பிப் போனது. எல்லாரும் என்னைப் போல இருப்பார்களா? (சிரிப்பு)

சரி, பவானிக்கு வருகிறேன். வண்டியைக் குட்டியானையில் ஏற்றிக் கோயமுத்தூர் கொண்டுபோனோம். சர்வீஸ் சென்டரில் கேட்ட முதல் கேள்வி, "இன்னொரு சாவி இருக்குங்களா?" இல்லை என்றோம். அந்தப் பையன் முகம், ஆபரேஷன் தியேட்டரிலிருந்து வெளியே வரும் டாக்டர் முகம் மாதிரி ஆகிவிட்டது. "ஒரு சாவி உயிரோட இருந்தா, அதைக் காட்டிப் புதுச் சாவியைப் பதிஞ்சிடலாம் சார். நாலாயிரத்துல முடிஞ்சிருக்கும். எல்லாமே போயிட்டதால கணினிப் பெட்டியையே மாத்தணும்." பெட்டி ஐம்பத்து நாலாயிரம். இக்னிஷன், டேங்க், சீட் எல்லாவற்றுக்கும் சேர்ந்த பூட்டு பதினெட்டாயிரம். கூலியும் குட்டியானை வாடகையும் ஆறாயிரம். கூட்டிக்கொள்ளுங்கள், எழுபத்தெட்டு. ஐயாயிரம் லாபம் பார்த்தவனுக்கு எழுபத்தெட்டாயிரம் அபராதம்!

எதிரணியினர் இங்கே துள்ளுவார்கள். "பார்த்தீர்களா, கொள்ளை!" என்பார்கள். விலை அதிகம் என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். விற்கும்போதே 'சாவி தொலைந்தால் இவ்வளவு ஆகும்' என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தால் கம்பெனிகளின் சொத்து குறைந்தா போய்விடும்? அதைக் கேட்க வேண்டியதுதான். ஆனால் ஒன்று. எச்சரிக்கை எழுதாமல் இல்லை. நாம்தான் படிக்கவில்லை.

ஹோண்டா பெரிய பைக்குகளில் 'ஹிஸ்' என்று ஒரு முறை உண்டு. நாலு சாவி வரைக்கும் பதிந்துகொள்ளலாம். புதுச் சாவி பதியும்போது இருக்கிற சாவி எல்லாவற்றையும் கொண்டுபோக வேண்டும். வராத சாவியின் பேர் பதிவேட்டிலிருந்து நீங்கிவிடும். கையில் ஒரே சாவிதான் மிச்சம் என்றால் உடனே இன்னொன்று செய்துகொள்ளுங்கள் என்று கையேட்டிலேயே இருக்கிறது. யமஹாவின் சில மாடல்களில் மூன்று சாவி. இரண்டு கறுப்பு, ஒன்று சிவப்பு. சிவப்புச் சாவி தினமும் ஓட்டுவதற்கு அல்ல. புதுச் சாவிக்குக் குறியீடு சொல்லிக்கொடுப்பதற்கு. வீட்டில் பாட்டி மாதிரி! யார் நம்ம சொந்தம், யார் சொந்தமில்லை என்று அவர்தான் சொல்வார். பாட்டியைத் தொலைத்துவிட்டு அப்புறம் எல்லாரும் சொந்தம் விசாரித்து என்ன பிரயோஜனம்? இத்தாலியில் செய்கிற டுகாட்டி, பழைய சில மாடல்களோடு ஓர் அட்டையே கொடுத்தது. அதிலே ஒரு ரகசிய எண். சாவி பேசாமல் போனால், ஆக்ஸிலரேட்டரை முறைப்படி திருகி அந்த எண்ணை வண்டிக்குச் சொல்லலாம். வழி வைத்துத்தான் செய்திருக்கிறான் ஐயா. வழியைப் பத்திரமாக வைக்கத்தான் நமக்குத் தெரியவில்லை.

இன்னொரு விஷயம், தாய்மார்கள் குறித்துக்கொள்ளுங்கள். வண்டி திருட்டுப் போய்க் காப்பீட்டுப் பணம் கேட்டால், அவர்கள் ஆர்.சி. புத்தகம், போலீஸ் எஃப்.ஐ.ஆர். இவற்றோடு வண்டியின் சாவிகளையும் கேட்பார்கள். ஒரு சாவி அல்ல, எல்லாச் சாவியும். 'ஒண்ணுதான் இருக்கு' என்றால் அங்கே ஆரம்பிக்கும் விசாரணை. பழைய வண்டி வாங்குகிற பிள்ளைகளே, விலை பேசுவதற்கு முன்னால் சாவியை எண்ணுங்கள்.

(மணி ஒலிக்கிறது)

நடுவர் மணி அடித்துவிட்டார். முக்கியமான ஒன்றைச் சொல்லி முடித்துவிடுகிறேன் ஐயா, ஒரே நிமிஷம்.

அன்று ராத்திரி தங்கை வீட்டில் உட்கார்ந்திருந்தோம். அவள் எதுவும் திட்டவில்லை. கையில் இருந்த இரண்டு வளையலைக் கழற்றி மேசை மேல் வைத்தாள். "அண்ணா, இதை வெச்சுப் பணத்தைக் கட்டிடு" என்றாள். அப்புறம் பீரோவைத் திறந்து ஒரு டப்பாவைக் கொண்டுவந்து கொட்டினாள். வாசல் கதவு, பின்கதவு, பீரோ, சைக்கிள், பக்கத்து வீட்டுச் சாவி கூட இருந்தது. எல்லாவற்றுக்கும் இரண்டாவது சாவி. ஒவ்வொன்றிலும் ஒரு கலர் நூல். மகனைப் பார்த்துக் கேட்டாள்: "இதுல உன் வண்டிச் சாவி ஒண்ணு இருந்திருக்கக் கூடாதாடா?"

அவள் ஏன் இப்படி ஆனாள் என்று எனக்குத் தெரியும். 2011-இல் என் மைத்துனர், அவள் கணவர், ராத்திரி படுத்தவர் காலையில் எழுந்திருக்கவில்லை. பேங்க் லாக்கர் சாவி எங்கே வைத்தார் என்று யாருக்கும் தெரியாது. அவள் நகை, வீட்டுப் பத்திரம் எல்லாம் உள்ளே. அந்தத் துக்கத்தில் மனுக் கொடுத்து, அலைந்து, கடைசியில் ஆள் வரவழைத்து லாக்கரை உடைத்தார்கள். உடைத்த செலவும், புதுப் பூட்டுச் செலவும் எங்களுடையது. டிரில் போடுகிற அந்தச் சத்தத்தில் அவள் அழுத அழுகை இருக்கிறதே, அது நகைக்காக அல்ல. "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லி வெச்சிருக்கலாமே" என்றுதான் அழுதாள்.

(அரங்கில் அமைதி)

லாக்கர் தப்பு செய்ததா? இல்லை. திருடனுக்குத் திறக்காத பூட்டு, தாலி இழந்தவளுக்கும் திறக்காது. பூட்டுக்கு நியாயம் மட்டும்தான் தெரியும், இரக்கம் தெரியாது. இரக்கத்தை மனுஷன்தான் முன்கூட்டியே செய்து வைக்க வேண்டும். இரண்டாவது சாவி என்பது என்ன? அதுதான் அந்த இரக்கம். நான் இல்லாவிட்டாலும் என் குடும்பம் வாசலில் நிற்கக் கூடாது என்கிற அன்பு!

எங்கள் வண்டி இப்போது ஓடுகிறது. வளையல் அடகிலிருந்து திரும்பிவிட்டது; பையன் மாசாமாசம் கட்டி மீட்டுக் கொடுத்தான். தங்கையின் டப்பாவில் சிவப்பு நூல் கட்டிய சாவி ஒன்று புதிதாகச் சேர்ந்திருக்கிறது.

எதிரணி நண்பர்களே, பதற்றத்தைக் கருவி தரவில்லை. நாம் மறதியைக் கொடுத்தோம். அது பதற்றமாகத் திருப்பிக் கொடுத்தது. இன்று ராத்திரி வீட்டுக்குப் போனதும் சாவிகளை ஒரு தடவை எண்ணுங்கள். ஒன்றே ஒன்று இருந்தால், அது உயிரோடு இருக்கும்போதே இன்னொன்று செய்து, நம்புகிற ஒருவர் கையில் கொடுத்து வையுங்கள். அப்படிச் செய்கிற வீட்டுக்குப் புதிய கருவிகள் தருவது என்ன? பாதுகாப்பே! பாதுகாப்பே! பாதுகாப்பே! என்று சொல்லி, நல்ல தீர்ப்பை நடுவரிடம் எதிர்பார்த்து விடைபெறுகிறேன்.

(நீண்ட கைதட்டல்)