கருநீல உடலும் வெள்ளை வளையமும்

கடல் மீன் விற்கும் அலங்கார மீன் கடைகளில், கருநீல உடலெங்கும் வெள்ளையும் இளநீலமுமான கோடுகள் வளைந்தோடும் உள்ளங்கையளவு மீன் ஒன்று எப்போதாவது தொட்டிக்கு வருவதுண்டு. அதன் பெயரைக் கேட்பவருக்குப் பெரும்பாலும் ‘ஏஞ்சல்’ என்ற ஒற்றைச் சொல்லே விடையாகக் கிடைக்கிறது. அந்தச் சொல்லைக் கொண்டு மீனை அடையாளம் காண இயலாது. ஏனெனில், பலரும் வீட்டுத் தொட்டியில் வளர்க்கும் முக்கோண வடிவ நன்னீர் மீனுக்கும் அதே பெயர்தான் வழங்குகிறது. அதுவோ தென்னமெரிக்க ஆறுகளுக்கு உரியது, உறவுமுறையில் நம் சந்தைகளில் குவியும் ஜிலேபிக் கெண்டைக்கு நெருங்கியது.

கடலில் வாழும் ஏஞ்சல் மீன்கள் போமகாந்திடே எனப்படும் தனிக் குடும்பத்தைச் சேர்ந்தவை. பக்கவாட்டில் தட்டையான உடல், சிறிய வாய், பளிச்சென்ற நிறம் ஆகியவற்றால் இவை வண்ணத்துப்பூச்சி மீன்களை ஒத்திருப்பதால், நெடுங்காலம் இரண்டும் ஒரே குடும்பமாகவே கருதப்பட்டன. இவற்றைப் பிரித்தறியும் உறுப்பு கன்னத்தில் இருக்கிறது. செவுளை மூடும் எலும்புத் தகடுகளில் முன்னால் இருப்பதை முன்செவுள் மூடி என்பர்; அதன் கீழ்மூலையிலிருந்து பின்னோக்கி நீளும் வலுவான முள் ஏஞ்சல் மீனுக்கு உண்டு, வண்ணத்துப்பூச்சி மீனுக்கு இல்லை. கைவலையில் அள்ளும்போது மீனைச் சிக்கவைப்பதும் இந்த முள்தான். நிறம் மாறினாலும் மங்கினாலும் முள் மாறுவதில்லை என்பதால், அடையாளம் காணும் வேலையை இங்கே தொடங்குவதே முறை.

குடும்பம் தெரிந்தபின், கோடுகளின் போக்கைக் கவனிக்க வேண்டும். மன்னார் வளைகுடாவிலும் இலங்கையைச் சூழ்ந்த கடலிலும் இக்குடும்பத்தின் மூன்று பெரிய இனங்கள் காணப்படுகின்றன. மூன்றின் இளமீன்களும் கருநீலத்தில் வெள்ளைக் கோடு கொண்டவையே. போமகாந்தஸ் இம்பரேட்டர், அதாவது எம்பரர் ஏஞ்சல், இளமையில் உடலின் பின்பகுதியில் முழுமையாக மூடிய வெள்ளை வளையம் ஒன்றைக் கொண்டிருக்கும். குளத்தில் கல் விழுந்த இடத்திலிருந்து அலைகள் விரிவதைப் போல, மற்றக் கோடுகள் அதைச் சுற்றி அடுக்கடுக்காக அமையும். போமகாந்தஸ் செமிசர்குலேட்டஸ் இனத்தில் வளையம் எங்கும் மூடுவதில்லை. கோடுகள் வாலை நோக்கித் திறந்த அரைவட்டங்களாகவே நின்றுவிடும். போமகாந்தஸ் ஆனுலாரிஸ் இனத்திலோ கோடுகள் ஏறத்தாழ நேராக மேலிருந்து கீழிறங்கும். மூடிய வளையமா, அரைவட்டமா, நேர்கோடா என்று பார்த்தாலே பெரும்பாலும் விடை கிடைத்துவிடும்.

இவை வளர்ந்தால், இளமீனைப் பார்த்த எவரும் அதே இனம் என்று நம்பமாட்டார். எம்பரர் ஏஞ்சல் சுமார் 10 சென்டிமீட்டர் நீளத்தை எட்டும் காலத்தில் வளையங்கள் கலையத் தொடங்கி, நீல உடலில் மஞ்சள் கோடுகள் கிடையாக ஓட, கண்ணை ஒரு கரும்பட்டை மறைக்கும் முதிர்நிறம் படிப்படியாக வந்துசேர்கிறது. ஆனுலாரிஸ் பொன்பழுப்பாக மாறி, செவுளுக்கு மேற்புறம் தோளில் ஒரு நீல வளையத்தைப் பெறுகிறது, வால் வெண்மையாகிறது. செமிசர்குலேட்டஸின் வாலில், மாறும் பருவத்தில், கோடுகள் உடைந்து அரபு எழுத்துகளை ஒத்த வடிவங்கள் தோன்றுவதால் அதற்குக் குர்ஆன் ஏஞ்சல் என்ற வணிகப் பெயர் அமைந்தது. வளையமும் பட்டையும் கலந்து நிற்கும் இந்த இடைநிலை மீன்களே கடையில் ‘புதிய இனம்’ என்றும் ‘கலப்பினம்’ என்றும் பேசப்படுபவற்றுள் பெரும்பாலானவை. ஏஞ்சல் மீன் குடும்பத்தில் உண்மையான கலப்பினங்களும் கடலில் தோன்றுவதுண்டு என்றாலும், அந்த முடிவை எடுக்குமுன் பருவ மாற்றத்தை முதலில் ஐயுற வேண்டும்.

அறிஞர்களும் இதே இடத்தில் தடுமாறியிருக்கிறார்கள். பெர்லின் நகர மருத்துவரும் மீனியல் அறிஞருமான மார்க்கஸ் எலீசர் பிளாக் 1787இல் முதிர்ந்த எம்பரர் ஏஞ்சலுக்குப் பெயரிட்டார். அவர் 1799இல் மறைந்தபின், ஷ்னைடர் என்பவர் தொகுத்து 1801இல் வெளியிட்ட அவருடைய நூலில், அதே மீனின் குஞ்சு நிக்கோபார்த் தீவுகளின் பெயரால் தனி இனமாக இடம்பெற்றது. இந்தப் பிளாக்குக்குத் தரங்கம்பாடியோடு நேரடித் தொடர்பு உண்டு. அங்கே பணியாற்றிய மறைப்பணியாளர் கிறிஸ்டோப் சாமுவேல் ஜான் சோழமண்டலக் கரையின் மீன்களைச் சேகரித்து அவருக்கு அனுப்பிவந்தார். கத்தாளை மீன்களின் ஒரு பேரினம் இன்றும் ஜானியஸ் என்று அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. சாராயத்தில் ஊறி நிறமிழந்த மீன்களையும் காய்ந்த தோல்களையும் வைத்துக்கொண்டு வேலை செய்தவர்கள், தகப்பனையும் பிள்ளையையும் வெவ்வேறு இனமாக எழுதியதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை.

ஒரே மீனுக்கு இரு நிறம் எதற்கு என்ற வினாவுக்கும் ஆய்வாளர்கள் விடை தேடியுள்ளனர். பவளப்பாறை மீன்களின் பளிச்சிடும் நிறம் தன் எல்லைக்கு உரிமை கோரும் அறிவிப்பாகும் என்று கான்ராட் லோரன்ஸ் 1960களில் கருதினார். முதிர்ந்த எம்பரர் ஏஞ்சல் தன்னைப் போன்ற நிறமுள்ள மீனைத் தன் எல்லைக்குள் விடாது துரத்தும். வேறு நிறத்திலிருக்கும் குஞ்சு அந்தத் தாக்குதலுக்குத் தப்பி அதே பாறையில் இரை தேடிக்கொள்கிறது என்ற விளக்கத்தை ஹான்ஸ் ஃபிரிக்கே 1980இல் வெளியிட்ட ஆய்வு முன்வைத்தது. தொட்டியில் அடைபட்ட மீனுக்கு இந்த வேறுபாடு பாதுகாப்பளிப்பது, நிறம் மாறும் நாள் வரைக்கும்தான்.

ஆகவே, பெயர் தெரியாத மீனை அடையாளம் காண விரும்பும் நேயர்கள், அது பக்கவாட்டில் முழுமையாகத் தெரியும்படி படம் எடுத்து, கன்ன முள்ளும் வாலும் அதில் தெளிவாக இருக்குமாறு பார்த்துக்கொண்டு, மீனின் நீளத்தையும் அது எந்தக் கடலில் பிடிக்கப்பட்டது என்று கடைக்காரர் சொல்வதையும் குறித்துவைப்பது நல்லது; நிறத்தை மட்டும் வருணித்தால் மீனியலாளராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. வாங்கும் எண்ணம் உடையோர் இன்னொன்றையும் கருத வேண்டும். இம்மூன்று இனங்களும் ஏறத்தாழ 40 சென்டிமீட்டர் வரை வளர்பவை, கடற்பஞ்சுகளை மேய்ந்து வாழ்பவை. இவற்றுக்குப் போதிய இடமும் தக்க இரையும் சாதாரண வீட்டுத் தொட்டியில் கிடைக்கமாட்டா. பெயரைத் தெரிந்துகொண்டபின் மீனைக் கடையிலேயே விட்டுவருவதே தகும்.