தானாக வந்தால் தண்டனை இல்லை

கிரிவலப் பாதையில் கஞ்சா விற்றவர் கைது என்றால், "நல்லா வேணும்" என்கிறோம். விற்றவனுக்குச் சரி. வாங்கிப் பழகிவிட்ட பையனுக்கு? துவைக்க எடுத்த சட்டைப்பையில் பொட்டலத்தைப் பார்த்த அம்மா, போலீஸுக்குப் பயந்தே வாய் திறப்பதில்லை.

பயப்படாதீங்க அம்மா. 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்தில், பின்னால் சேர்த்த 64ஏ என்ற பிரிவு இருக்கிறது. போதைக்கு அடிமையானவர், சிறிதளவு வைத்திருந்து மாட்டினால்கூட, தானாக முன்வந்து அரசு மருத்துவமனையிலோ அரசு அங்கீகரித்த மையத்திலோ சிகிச்சை பெற்றால், அந்தக் குற்றத்துக்கு வழக்கு நடத்த மாட்டார்கள். தானாக வர வேண்டும். முழுசாக முடிக்க வேண்டும். பாதியில் ஓடினால் சலுகையும் போகலாம். வியாபாரிக்கு இது கிடையாது.

போதையிலிருந்து மீள, கட்டணமில்லாத தொலைபேசி உதவி எண் 14446. ஒன்று, நான்கு, நான்கு, நான்கு, ஆறு.