வாசிக்க ஒருவர், கேட்க ஒருவர்

(யூபிலிக் கொண்டாட்டங்களை ஒட்டிக் கோவில் வளாகத்தில் நடைபெற்ற மாலைக் கூட்டத்தில், நமது பங்கைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

 

யூபிலி மேடையில் பேச வேண்டும் என்று என்னை அழைத்தபோது, கோவில் கட்டிய வரலாற்றைப் பேசச் சொல்வார்கள் என்று எண்ணினேன். "அதற்கு வேறு ஆள் இருக்கிறார்கள் வாத்தியாரே, முழு விவிலியத்தையும் வாசிக்கும் பழக்கத்தைப் பற்றி நீங்கள் பேசுங்கள்" என்றார் பங்குத் தந்தை. எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தப் பழக்கத்துக்கு முயன்று மூன்று முறை தோற்றவன் நான். பள்ளம் எங்கே இருக்கிறது என்று விழுந்தவனைக் கேட்பதே மேல் என்று அவர் நினைத்தார் போலும்.

முதல் தோல்வி ஆசிரியர் பயிற்சி முடித்த கையோடு. என்னோடு படித்த நண்பர் ஒருவர், ஆற்காடு லுத்தரன் சபையைச் சேர்ந்தவர், பிரியும்போது தம்முடைய வேதாகமத்தை எனக்குப் பரிசாகக் கொடுத்தார். ஜனவரி முதல் தேதி தொடங்கினேன். ஆதாம், நோவா, ஆபிரகாம், யோசேப்பு என்று ஐம்பது அதிகாரமும் கதைபோல ஓடின. செங்கடலும் கடந்தேன். பிறகு கூடாரம் கட்டும் அளவுகள் வந்தன. இத்தனை முழம் நீளம், இத்தனை முழம் அகலம், இத்தனை கொளுவி, இத்தனை வளையம். அதையும் தாண்டி லேவியர் நூலுக்குள் நுழைந்தேன். எரிபலி, தானியப் படையல், தோல் நோய்ச் சட்டங்கள். புத்தகத்தை அலமாரியில் வைத்தேன். பத்து வருடம் அது அங்கேயே இருந்தது.

இரண்டாம் தோல்வி 1995-இல். நம் கத்தோலிக்கரும் மற்ற சபையாரும் ஒன்றுகூடி உருவாக்கிய பொது மொழிபெயர்ப்பு அந்த ஆண்டில்தான் வெளிவந்தது. நாம் செஞ்சி வழியாகப் பேருந்து ஏறிப் போகிறோமே திண்டிவனம், அங்குள்ள நடுநிலையத்துக்கு அந்தப் பணியில் பெரும் பங்கு உண்டு. நல்ல தமிழ். இனி என்ன தடை என்று தொடங்கினேன். அதே லேவியரில், ஏறக்குறைய அதே பக்கத்தில் நின்றேன். குற்றம் மொழிபெயர்ப்பில் இல்லை என்பது அப்போது தெரிந்தது.

மூன்றாம் முறை கணக்கு வாத்தியாராக இறங்கினேன். நமது விவிலியத்தில் 73 நூல்கள். சுமார் 1330 அதிகாரங்கள். 365-ஆல் வகுத்தால் நாளொன்றுக்கு நான்கு கூட ஆகாது. அட்டவணை எழுதிச் சுவரில் ஒட்டினேன். லேவியரைப் பல்லைக் கடித்துக்கொண்டு தாண்டியும் விட்டேன். அப்போது காய்ச்சல் வந்து ஐந்து நாள் படுத்தேன். எழுந்து பார்த்தால் இருபது அதிகாரம் பாக்கி! கடன்காரன் வட்டிக் கணக்கைப் பார்ப்பதுபோல அந்த அட்டவணையைப் பார்த்தேன். ஒரு வாரத்தில் அதைக் கிழித்துப் போட்டேன்.

செஞ்சி ராஜகிரிக் கோட்டைக்கு மாணவர்களைப் பலமுறை அழைத்துப் போயிருக்கிறேன். அடிவாரத்தில் எல்லோரும் ஓடுவார்கள். பாதி மலையில், வெயில் ஏறிய பிறகு, நிழல் கண்ட இடத்தில் ஒவ்வொருவராக உட்கார்ந்துவிடுவார்கள். உச்சிக்குப் போய்ச் சேர்கிறவர்கள் பெரும்பாலும் பேசிக்கொண்டே கூட்டமாக ஏறியவர்கள்தாம். இதைப் பல வருடம் கண்ணால் பார்த்தும் என் மண்டையில் ஏறவில்லை.

நாம் ஏன் இப்படி இருக்கிறோம் என்று சற்று யோசிக்க வேண்டும். சோம்பல் மட்டும் காரணமல்ல. தரங்கம்பாடியில் சீகன்பால்கு ஐயர் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சேற்றத் தொடங்கியது 1714-இல். நம் ஊர்க்காரர்களுக்கு அந்த ஆண்டு வேறு காரணத்தால் தெரிந்திருக்கும்; தேசிங்கு ராஜா போரில் விழுந்த ஆண்டு அது. 1719-இல் சீகன்பால்கு இறந்தபின், மீதமிருந்த பழைய ஏற்பாட்டை சூல்ட்சே 1728-க்குள் முடித்தார். நம் கத்தோலிக்கரின் முழு விவிலியம் தமிழில் வந்து சேர 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. இடைப்பட்ட காலத்தில் நம் முன்னோருக்குக் கையில் இருந்தவை ஞானோபதேசம், செபமாலை, அர்ச்சிஷ்டவர்கள் சரித்திரம். என் சிறுவயதில் பூசை இலத்தீனில்தான் நடந்தது. வேதாகமம் என்றால் "அது பிரிந்த சபையார் புத்தகம்" என்று எங்கள் தெருவில் சொல்வார்கள். வீட்டில் வைத்திருக்கலாமா என்று சாமியாரிடம் கேட்டு வந்தவர்களும் உண்டு.

1965 நவம்பர் 18-ஆம் நாள் இரண்டாம் வத்திக்கான் சங்கம் இறைவெளிப்பாட்டைப் பற்றிய ஏட்டை வெளியிட்டு, திருநூல் எல்லா விசுவாசிகளின் கைக்கும் எட்ட வேண்டும் என்று கேட்டது. 2019-இல், காலஞ்சென்ற திருத்தந்தை பிரான்சிஸ், பொதுக்காலத்தின் மூன்றாம் ஞாயிறை இறைவார்த்தை ஞாயிறாக ஏற்படுத்தினார். கதவு திறந்தாயிற்று. ஆனால் பல தலைமுறையாக இல்லாத பழக்கம் ஒரு சுற்றுமடல் வந்ததும் வந்துவிடுமா?

இங்கேதான் நம் ஊரை ஒரு கணம் நினைத்துப் பார்க்கச் சொல்கிறேன். செஞ்சியை அடுத்த மேலச்சேரியில் திரௌபதி அம்மன் கோவில் இருக்கிறது. இந்தப் பக்கத்துக் கிராமங்களில் பாரதம் வைத்தால், பகலில் பிரசங்கியார் பாரதம் வாசித்துப் பொருள் சொல்வார். இரவில் அதே கதை கூத்தாக நடக்கும். நாள் கணக்கில் நடக்கும். கையெழுத்துப் போடத் தெரியாத கிழவர்களுக்குப் பாரதத்தின் கிளைக்கதையெல்லாம் தெரியும். எந்த அட்டவணையைச் சுவரில் ஒட்டினார்கள்? ஒருவர் வாசித்தார், ஊர் உட்கார்ந்து கேட்டது, அவ்வளவுதான். நம்மவர்களும் பெரிய வெள்ளிக்கு வியாகுலப் பிரசங்கம் வாசிக்கும்போது அப்படித்தான் கேட்டார்கள். வீரமாமுனிவர் சூசையப்பரைத் தலைவராக வைத்துத் தேம்பாவணியை 3615 பாடல்களில் பாடினாரே, அதுவும் கண்ணுக்காக மட்டும் பாடியதல்ல.

விவிலியமே அப்படிப்பட்ட நூல்தான். நெகேமியா நூலின் எட்டாம் அதிகாரத்தைப் பாருங்கள். தண்ணீர் வாயிலின் முன் மரமேடை போட்டு, விடியற்காலை முதல் நண்பகல் வரை எஸ்ரா வாசிக்கிறார். ஆண்களும் பெண்களும், கேட்டுப் புரிந்துகொள்ளக்கூடிய எல்லோரும் அங்கே நிற்கிறார்கள். லேவியர்கள் நடுவே புகுந்து பொருள் சொல்கிறார்கள். மக்கள் அழுதுவிடுகிறார்கள், போய் நன்றாகச் சாப்பிட்டு மகிழுங்கள், இல்லாதவர்களுக்கும் கொடுத்தனுப்புங்கள் என்று அவர்களை அனுப்பி வைக்கிறார்கள். திருத்தூதர் பணிகளில் எத்தியோப்பிய நிதியமைச்சர் தேரில் தனியாக உட்கார்ந்து எசாயாவை வாசிக்கிறார் அல்லவா? அவர் வாசிப்பது பிலிப்புவின் காதில் விழுந்தது. தனியாக இருந்தபோதும் அவர் வாய்விட்டுத்தான் வாசித்தார்!

நானோ நாற்பது வருடம் கதவைச் சாத்திக்கொண்டு மௌனமாக வாசிக்கப் பார்த்தேன்.

இனி என் தாயாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் பள்ளிக்கூடம் போனதில்லை. வேர்க்கடலை பறிக்கவும், நாற்று நடவும் கூலிக்குப் போய் என்னைப் படிக்க வைத்தவர். நாள் தவறாமல் செபமாலை சொல்வார். 2012-ஆம் ஆண்டு மின்வெட்டு உங்களுக்கு நினைவிருக்கும். சாயங்காலம் தொலைக்காட்சித் தொடர் தொடங்கும் நேரத்துக்குச் சரியாக மின்சாரம் போகும். அவருக்கு அப்போது எண்பது வயதுக்கு மேல். ஒருநாள் இருட்டில் உட்கார்ந்திருந்தபோது, "ஏம்ப்பா, சும்மாதானே இருக்கே, எதனாச்சும் வாசியேன்" என்றார். எமர்ஜென்சி விளக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மாற்கு நற்செய்தியைத் திறந்தேன். பதினாறு அதிகாரம், பத்து நாளில் முடிந்தது. "அப்புறம்?" என்று கேட்டார். ரூத்து வாசித்தேன். மாமியாரும் மருமகளும் ஒன்றாகப் போகிற கதை அவருக்கு மிகவும் பிடித்தது. மருமகளையும் கூப்பிட்டு உட்கார வைத்துக்கொண்டார். என் மனைவி அதைப் பற்றி என்ன நினைத்தாள் என்று நான் கேட்கவில்லை. பிறகு தோபித்து. அதன் பிறகே தொடக்க நூல்.

லேவியர் நெருங்க நெருங்க எனக்குள் பயம். இதைத் தாண்டிப் போய்விடலாம், அம்மாவுக்கா தெரியப்போகிறது என்றுகூட நினைத்தேன். நல்லவேளை, செய்யவில்லை. பன்னிரண்டாம் அதிகாரம் வாசித்தேன். குழந்தை பெற்ற தாய் ஓர் ஆட்டுக்குட்டி கொண்டுவர வேண்டும், அதற்கு வசதியில்லாவிட்டால் இரண்டு புறாக்கள் போதும் என்று வருகிறது. நான் ராகம் போட்டு ஓட்டிக்கொண்டே போனேன். அம்மா கையைக் காட்டி நிறுத்தினார்.

"இரு இரு. நம்ம மாதாவும் கோவிலுக்குப் புறாதானே எடுத்துக்கிட்டுப் போனாங்க?"

"ஆமாம்மா. லூக்கா அப்படித்தான் எழுதியிருக்கிறார்."

"அப்போ அவங்களுக்கு ஆட்டுக்கு வக்கில்ல."

சந்தோஷ தேவ இரகசியம் நான்காவதை எண்பது வருடமாகச் சொல்லிவந்த தாய் அவர். மெழுகுவர்த்தித் திருநாள் படத்தில் அந்தப் புறாக்களைப் பார்த்தவர். அவை ஏழை வீட்டுக் காணிக்கை என்பது அன்று லேவியர் நூலிலிருந்துதான் அவருக்குக் கிடைத்தது. எனக்கும்தான்! பயிற்சி பெற்ற ஆசிரியன், மூன்று முறை அந்தப் பக்கத்தைக் கண்ணால் கடந்தவன், நான் கவனிக்கவேயில்லை.

பத்தொன்பதாம் அதிகாரம் வந்தது. அறுப்பின்போது வயலின் ஓரத்தை ஏழைக்கு விட்டுவிட வேண்டும். கூலிக்காரன் கூலியை விடியும்வரை வைத்திருக்கக் கூடாது. அம்மா நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "நல்லது எல்லாத்தையும் உள்ள வச்சிட்டு, பூசையில ஏன் இதை வாசிக்கறதில்ல?" என்று கேட்டார். பிறகு தேடிப் பார்த்தேன். கூலியைப் பற்றிய அந்தப் பகுதி தவக்காலத்து முதல் வாரத் திங்கட்கிழமை வாசிக்கப்படத்தான் செய்கிறது. திங்கட்கிழமைக் காலைப் பூசைக்கு நாம் எத்தனை பேர் வருகிறோம் என்பதைப் பங்குத் தந்தையே சொல்லட்டும். ஞாயிறு பூசையில் பழைய ஏற்பாட்டின் சிறு பகுதியையே நாம் கேட்கிறோம். மற்றதற்கு வீடுதான் இடம்.

எண்ணிக்கை நூலில் இன்னொன்று. மகன் இல்லாமல் இறந்த ஒருவருடைய ஐந்து பெண்மக்கள் மோசேயின் முன் வந்து நின்று, எங்கள் தகப்பன் நிலத்தை எங்களுக்குக் கொடுங்கள் என்று கேட்கிறார்கள். ஆண்டவர் அவர்கள் கேட்பது சரிதான் என்கிறார். "திரும்ப வாசி" என்றார் அம்மா. வாசித்தேன். அவருடைய தகப்பனார் நிலத்தில் அவருக்கு ஒரு செண்டு கூடக் கிடைக்கவில்லை. அதைப் பற்றி அவர் குறைசொல்லி நான் கேட்டதுமில்லை. அன்றும் சொல்லவில்லை. மூன்றாவது முறையும் வாசிக்கச் சொன்னார்.

அட்டவணை எதுவும் வைக்கவில்லை. ஒரு நாளைக்கு ஓர் அதிகாரம். திருவிழா வந்தால், உறவினர் வந்தால், உடம்புக்கு முடியாவிட்டால் விட்டுவிடுவோம். மறுநாள் விட்ட இடத்திலிருந்து தொடங்குவோம். பாக்கி என்ற பேச்சே இல்லை. இப்படிப் போனால் நான்கு வருடத்துக்குள் முழு விவிலியமும் முடியும். நான் விட்டுவிடாமல் இருந்ததற்குக் காரணம் என் பக்தி அல்ல, சாப்பாடு முடிந்ததும் "எங்க விட்டோம்?" என்று கேட்க ஓர் ஆள் இருந்ததுதான்.

2015 மழைக்காலத்தில் எரேமியா பதினெட்டாம் அதிகாரம், குயவன் வீட்டுக்குப் போகும் பகுதி வாசித்தோம். சக்கரத்தில் கெட்டுப்போன மண்ணை அவன் எறியவில்லையா என்று அம்மா கேட்டார். இல்லை, அதே மண்ணை வேறொரு கலமாகச் செய்தான் என்றேன். அந்த வாரம் மார்புச் சளி அதிகமாகி அவர் காலமானார். புத்தகம் பல மாதம் மூடியே இருந்தது. பிறகு ஒருநாள் பத்தொன்பதாம் அதிகாரத்தை எடுத்து, வெறும் கூடத்தில், சத்தமாகவே வாசித்தேன். அடுப்படியிலிருந்து என் மனைவி, "கொஞ்சம் உரக்க வாசிங்க, காதில விழல" என்றாள். திருவெளிப்பாட்டின் கடைசி அதிகாரத்தை 2018-இல் முடித்தோம். இப்போது இரண்டாம் சுற்று நடக்கிறது. இந்த முறை பேத்தி வாசிக்கிறாள்; பெயர்களை உச்சரிக்க என்னைவிட நன்றாகவே வருகிறது அவளுக்கு.

தனியாக வாசிப்பது தவறென்று நான் சொல்ல வரவில்லை. செல்போனிலேயே விவிலியம் பேசுகிற காலம் இது. வாசிக்க ஆளில்லாத முதியோருக்கு அது பெரிய உதவி. ஆனால் அந்தப் போன் உங்களை நிறுத்தி, "இரு இரு, மாதாவும் புறாதானே கொடுத்தாங்க?" என்று கேட்காது.

பங்குத் தந்தையின் அனுமதியோடு ஓர் அறிவிப்பு. வரும் திங்கட்கிழமை முதல் எங்கள் அன்பியத்தில், மாலைச் செபமாலை முடிந்ததும், என் வீட்டுத் திண்ணையில் மாற்கு நற்செய்தி வாசிக்கப்படும். ஒரு நாளைக்கு ஓர் அதிகாரம், கால் மணி நேரம்கூட ஆகாது. வாசிக்கத் தெரிந்த பிள்ளைகள் முறைவைத்து வாசிக்கலாம். வாசிக்கத் தெரியாத பெரியவர்கள் கட்டாயம் வர வேண்டும். அவர்களுக்கு முன்வரிசையில் பாய் போட்டு வைக்கிறேன். மழை வந்தால் உள்ளே கூடத்தில் உட்காரலாம்.