கானுக்கு மட்டம் பிடிப்போம்
(வீடமைப்புக் குழுக்களுக்கான பயிற்சி வகுப்பில் ஆற்றிய உரை)



லயக் காம்பிராவை விட்டு ஏழு பேர்ச் காணியில் தனி வீட்டுக்குப் போவது நாம் நெடுங்காலம் கேட்டுப் பெற்ற உரிமை. ஆனால் மலைச் சரிவில் வீடு என்றால் சுவரும் கூரையும் மட்டுமல்ல. தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது என்பதும் வீட்டின் பாதிதான். 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்களை மூடியதை நாம் மறக்கவில்லை. அந்த அளவு ஆபத்தைக் கான் வெட்டித் தடுத்துவிட முடியாது, அதற்கு நிலத்தைப் பரிசோதித்துத்தான் இடம் கொடுக்க வேண்டும். வாசலில் விழும் மழையை ஒழுங்காக அனுப்புவது மட்டும் நம் கையில் இருக்கிறது.

கண் பார்வையில் கான் வெட்டினால் மலை நம்மை ஏமாற்றும். எதிரே தேயிலை மலை செங்குத்தாக நிற்கும்போது சமதரையும் சரிந்தது போலத் தெரியும். ஒரு தோட்டத்தில் பார்த்தோம், கான் தண்ணீர் பாதைக்குப் போகாமல் குசினிக்குள் வருகிறது. கொந்தரப்புக்காரர் "சரிவு சரிதான்" என்கிறார். இல்லை என்று காட்ட வீட்டுக்காரரிடம் ஓர் அளவும் இல்லை. அந்த அளவை எடுக்கத்தான் இன்று இந்த லேசர் லெவலை வாடகைக்கு எடுத்து வந்திருக்கிறோம்.

முக்காலியில் இருக்கும் இயந்திரம் சுற்றிச் சுற்றி ஒரே மட்டத்தில் ஒளியை வீசும். வெயிலில் அது நம் கண்ணுக்குத் தெரியாது. அதைக் கண்டுபிடிக்கத்தான் தடியில் மாட்டும் இந்த ரிசீவர். தடியைக் கானின் மேல் முனையில் நிறுத்தி, ரிசீவரை மேலும் கீழும் நகர்த்துங்கள். விட்டு விட்டு வரும் சத்தம் ஒரே நீளச் சத்தமாக மாறும் இடம்தான் மட்டம். அங்கே திருகை இறுக்கித் தடியில் அளவைப் பாருங்கள்.

நாற்பது அடி நீளக் கான், மொத்த இறக்கம் ஒரு அடி என்று வைப்போம். அதாவது பத்து அடிக்கு மூன்று அங்குலம். மேல் முனையில் அளவு 4 அடி 2 அங்குலம் என்றால், பத்து அடி தள்ளி ரிசீவரை 4 அடி 5 அங்குலத்துக்கு ஏற்றுங்கள். பிறகு 4 அடி 8, 4 அடி 11, கடைசியில் 5 அடி 2. நிலம் இறங்க இறங்க தடியில் அளவு ஏறும், இதில்தான் பலர் குழம்புகிறார்கள். குறித்த அளவுக்கு மேலே நீளச் சத்தம் வந்தால் அந்த இடம் பள்ளம், நிரப்ப வேண்டும். கீழே வந்தால் மேடு, வெட்ட வேண்டும்.

சரிவு போடும் வசதியுள்ள இயந்திரம் என்றால் ரிசீவரைத் தடியில் நகர்த்தவே தேவையில்லை. இயந்திரத்தின் சாயும் பக்கத்தைக் கானின் நேருக்குத் திருப்பி, தானாக மட்டமாகும் வசதியை நிறுத்துங்கள். மேல் முனையிலும் கீழ் முனையிலும் வேண்டிய ஆழத்துக்கு முளை அடித்து, ஒரே உயரத்தில் ரிசீவர் இரண்டிலும் நீளச் சத்தம் தரும் வரை சாயுங்கள். கீழே சரி செய்தால் மேலே கொஞ்சம் மாறும். இரண்டு மூன்று தடவை போய் வரத்தான் வேண்டும், அலுத்துக்கொள்ளாதீர்கள்.

தடி சாய்ந்தால் அளவு பொய். தகரக் கூரையில் பட்டுத் திரும்பும் ஒளியும் ரிசீவரை ஏமாற்றும். பனிமூட்டத்தில் தூரம் குறையும். ஒளியை நேரே பார்க்கவே கூடாது, பிள்ளைகளைத் தள்ளி வையுங்கள்.

வாடகை இயந்திரத்தை நம்பும் முன் ஒரு சோதனை. நூறு அடி தள்ளிச் சுவரில் மட்டத்தைக் குறியுங்கள். இயந்திரத்தை அரைச் சுற்றுத் திருப்பி மறுபடி குறியுங்கள். இரண்டு குறியும் ஒன்றாக வராவிட்டால், இடைவெளியில் பாதிதான் இயந்திரத்தின் பிழை. அப்படிப்பட்டதைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இயந்திரம் கிடைக்காத தோட்டத்தில் தண்ணீர் நிரப்பிய தெளிவான குழாய் போதும். காற்றுக் குமிழி இல்லாவிட்டால் அதுவும் பொய் சொல்லாது. தடி பிடிக்க பெண்களும் வர வேண்டும். குசினிக்குள் தண்ணீர் வந்தால் அதை அள்ளிக் கொட்டுவது அவர்கள்தானே.

இப்போது வெளியே போவோம். இந்த மண்டபத்துக் கானையே முதலில் அளந்து பார்க்கலாம்.