மயக்கம் வந்தது எதனால்?

(குறுவளமையக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



காலை வழிபாட்டுக் கூட்டத்தில் யாராவது மயங்கி விழுவது நமக்குப் புதிதல்ல. 'சாப்பிட்டாயா?' என்று கேட்டுவிட்டு வகுப்புக்குப் போய்விடுகிறோம். நல்ல உடற்கட்டுள்ள 22 வயதுப் பெண் விழுந்தால்?

எங்கள் பள்ளிக்குக் கற்பித்தல் பயிற்சிக்காக வந்திருந்த பி.எட். மாணவி ஒருவர், கபடி ஆடுகிறவர், மார்ச் வெயிலில் கொடிக்கம்பத்தருகே நின்றவாறே சரிந்தார். கை லேசாக வெட்டி இழுத்தது. 'வலிப்புங்க, சாவிக்கொத்தைக் கொடுங்க' என்றார் ஒருவர். நாற்காலியில் தூக்கி உட்காரவைக்கப் போனவர்களைத் தடுத்து, படுத்தபடியே விட்டுக் காலை உயர்த்தினோம். ஒரு நிமிடத்துக்குள் கண் விழித்து, 'ஏனுங்க சார், கூட்டம் முடிஞ்சுதுங்களா?' என்று கேட்டார்.

அந்தக் கேள்வியே பாதி விடை. வலிப்பு வந்தவர் இவ்வளவு சீக்கிரம் தெளிவதில்லை. சிறிது நேரம் குழப்பத்தில் இருப்பார், நாக்கின் ஓரம் கடிபட்டிருக்கலாம். மூளைக்கு ரத்தம் குறைந்தாலும் கைகால் சில நொடி வெட்டும். மீதி விடை, விழுவதற்கு முன் நடந்ததில் இருக்கிறது. கண் இருட்டியது, காது அடைத்தது, வியர்த்தது என்றார்.

அசையாமல் நிற்கும்போது அரை லிட்டர் அளவு ரத்தம் கீழே இறங்கித் தேங்குகிறது. கால் தசை அசைந்தால்தான் அது மேலே ஏறும். சிலருக்கு அந்நேரம் வேகஸ் நரம்பு இதயத்துடிப்பைக் குறைக்கும், ரத்தக்குழாய்களும் தளரும், ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கும். படுத்தால் சரியாகும், உட்காரவைத்தால் மயக்கம் நீளும். 2023 ஜூனில் லண்டன் அணிவகுப்பு ஒத்திகையில், கம்பளிச் சீருடையும் கரடித்தோல் தொப்பியும் அணிந்த சிப்பாய்கள் இளவரசர் வில்லியம் முன்னிலையில் இப்படித்தான் விழுந்தார்கள். 30 டிகிரி வெயில் நமக்கு வெயிலே இல்லை என்பது வேறு விஷயம்.

மருத்துவர் இ.சி.ஜி. எடுத்தார், படுக்கவைத்தும் நிற்கவைத்தும் ரத்த அழுத்தம் பார்த்தார், ஹீமோகுளோபின் பார்த்தார். பிறகு, தண்ணீர் எவ்வளவு குடிப்பீர்கள் என்றார். அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. காலை ஆறரைக்குக் கிளம்பி இரண்டு பேருந்து மாறி வருகிறவர், வழியில் கழிப்பறைக்கு இடமில்லை என்று முந்தின இரவிலிருந்தே தண்ணீரைக் குறைத்திருக்கிறார். இதைக் கேட்டு எங்கள் பெண் ஆசிரியர்கள் யாரும் ஆச்சரியப்படவில்லை. அவர்களில் பாதிப் பேர் அப்படித்தான் வருகிறார்களாம். நம் மாணவிகளையும் கேட்டுப் பாருங்கள். பெண் ஆசிரியர் கேட்கட்டும்.

எல்லா மயக்கமும் இப்படிச் சாதுவானதல்ல. நின்றபோது விழுவது வேறு, ஓடும்போது விழுவது வேறு. 2021 ஜூன் 12 அன்று கோபன்ஹேகனில், டென்மார்க் கால்பந்து வீரர் கிறிஸ்டியன் எரிக்சன் ஆட்டத்தின் நடுவே விழுந்தார். வயது 29. இதயத்துடிப்பே நின்றிருந்தது. நெஞ்சை அழுத்தி, மின்னதிர்ச்சி கொடுத்து மீட்டார்கள். விளையாடும்போது விழுந்தாலோ, முன்னறிகுறியே இல்லாமல் விழுந்தாலோ, குடும்பத்தில் இளவயதில் திடீரென இறந்தவர் இருந்தாலோ, 'வெயில்தான்' என்று அனுப்பிவிடாதீர்கள். இ.சி.ஜி. அவசியம். மூச்சு இல்லையென்றால் ஒருவர் 108-ஐ அழைக்க, இன்னொருவர் உடனே நெஞ்சை அழுத்தத் தொடங்க வேண்டும்.

மருத்துவமனைக்கு உடன் போகிறவர், விழுந்ததைக் கண்ணால் பார்த்தவராக இருக்கட்டும். முகம் வெளுத்ததா, எத்தனை நொடி கிடந்தார், எழுந்ததும் என்ன பேசினார் என்பதை அவர்தான் சொல்ல முடியும்.